படையலில் பங்கில்லாத பெயர்

செல்லாயி வேலை பார்த்த எல்லா வார்டுகளிலும் ஒரு கடைசிக் கட்டில் இருந்தது. ஜன்னலை ஒட்டிய கட்டில். ஜன்னலைத் திறந்தால் மலேசியாவின் ஈப்போ நகரத்துச் சுண்ணாம்புக் குன்றுகளில் ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கட்டிலுக்குப் போகிறவர்கள் வீடு திரும்புவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நோயாளிகளுக்கு முதலில் தெரியும். ஒருவரை அங்கே மாற்றச் சொல்லி உத்தரவு வந்தால் மற்ற தாதிகள், அங்கே காற்று நன்றாக வரும் என்று சொல்லிக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். செல்லாயி மட்டும் பக்கத்தில் உட்காருவாள். "காத்து நல்லா வரும். ஆனா எதுக்கு மாத்துறோம்னு ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்," என்பாள். சிலர் அழுவார்கள். சிலர் அவள் வம்சத்தையே இழுத்துத் திட்டுவார்கள். எல்லாம் அடங்கிய பிறகுதான் கட்டில் நகரும்.

மிஸி என்றுதான் தாதிகளைக் கூப்பிடுவார்கள். பொய் சொல்லாத மிஸி என்று வார்டில் அவளுக்குப் பெயர்.

சிம்பாங் பூலாய்க்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் மரம் சீவினார்கள். அவள் பால் வடியும் மங்கில் ஒட்டிக் காய்ந்த கட்டிப்பாலை உரித்துச் சேர்த்தாள். தோட்டத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர், இந்தப் பெண் சீழைப் பார்த்து முகம் சுளிப்பதில்லை என்று கண்டுபிடித்து, ஈப்போவில் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றுக்குத் தாதிப் பயிற்சிக்கு அனுப்பிவைத்தார். பிறகு பொதுப்பணி இலாகாவில் லோரி ஓட்டும் சீனியைக் கட்டிக்கொண்டாள். சீனி நல்ல மனுஷன். வாய் மட்டும் சும்மா இருக்காது.

1974இல் அவள் ஆண்கள் அறுவை வார்டில் இருந்தாள். அந்த வருஷம் கடைசிக் கட்டிலுக்கு வந்தவர்களில் ஒருவர் ஒன்பதாங்கட்டைத் தோட்டத்து உடையப்பன். வயது முப்பத்தெட்டு. இரண்டு வருஷமாக மலத்தில் ரத்தம். மூலச்சூடு என்று இளநீரும் வெந்தயமும் குடித்துக்கொண்டே மரம் சீவியிருக்கிறார். ஒரு நாள் விடியற்காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து நின்றவர் நின்ற இடத்திலேயே சுருண்டு விழுந்தார். சர்ஜன் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்.

சர்ஜன் சீனர். வார்த்தையை எண்ணிப் பேசுகிறவர். அவர் செல்லாயியை அறைக்குக் கூப்பிட்டு, ஒரு காகிதத்தில் பெருங்குடலை வரைந்து அதற்குள் பேனா முனையால் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போனார். குடலுக்குள் சின்னச் சின்னக் கட்டிகள், நூறு, இருநூறு. மழைக்குப் பிறகு செத்த மரத்தில் பூக்கிற காளான் மாதிரி. பதின்மூன்று பதினான்கு வயதில் முளைக்கத் தொடங்கும், முப்பதுக்கு மேல் அதில் ஏதாவது ஒன்று புற்றாக மாறும், ஒன்று போதும் என்றார். இந்த ஆளின் அப்பன் எப்படிச் செத்தான் என்று கேட்டு வா என்றார்.

கேட்டாள். அப்பா பெயர் பத்துமலை; நாற்பது வயதில், ரத்தமாகப் போய், 1951இல் செத்தார். அண்ணனும் அப்படியே, ஆறு வருஷத்துக்கு முன்னால்.

சர்ஜன் தலையாட்டினார். இது ரத்தத்தில் இறங்குகிற நோய். இருப்பவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. முன்கூட்டியே ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, இருந்தால் பெருங்குடலை எடுத்துவிட்டால் பிழைப்பார்கள். அந்தக் குடும்பத்தில் ஒருவர் விடாமல் எனக்குப் பெயர் வேண்டும் என்றார். வார்டுத் தாதிகளில் தமிழ் பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.

சாவதற்கு இரண்டு நாள் முன்பு உடையப்பனே அவளைக் கேட்டார். குரல் தொண்டைக்கு மேலே வரவில்லை. குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"அப்பாவுக்கு வந்துச்சு, அண்ணனுக்கு வந்துச்சு, இப்ப எனக்கு. அடுத்தது யாரு மிஸி?"

"தெரியாது. தெரிஞ்சிக்கிறதுக்கு வழி இருக்கு. நான் தோட்டத்துக்கு வாரேன்," என்றாள்.

போனாள். பதினாறாம் நாள் கருமாதியன்று, சீனியின் ஹொண்டா மோட்டார் சைக்கிளில். அன்றைக்குத்தான் எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்து வாசலில் கூடாரம் போட்டிருந்தது. பத்துமலையின் தம்பி பிச்சைமுத்துதான் பங்காளிகளில் மூத்தவர்; அவருக்கு இந்த நோய் இல்லை, ஐம்பத்தெட்டு வயதிலும் கல் மாதிரி இருந்தார். தோட்டத்தில் இதை நோய் என்று யாரும் சொல்லவில்லை. சாமிக் குற்றம் என்றார்கள். பத்துமலை என்றைக்கோ நேர்ந்துவிட்ட கிடாயை வெட்டாமல் விட்டதற்கு, தோட்டத்தின் பதினான்காம் நம்பர் மலையடியில் இருக்கும் முனியாண்டி பிடித்துக்கொண்டு விடவில்லை என்பது பேச்சு. ஆகவே அந்தச் சாமியின் படையலில் யார் யாருக்குப் பங்கு உண்டோ அவர்களுக்குத்தான் இதிலும் பங்கு.

வருஷத்துக்கு ஒரு முறை அந்த முனிக்குப் பூசை நடக்கும். கிடாய்க் கறியைச் சமைத்து, பேர் சொல்லிச் சொல்லி இலையில் கூறு வைப்பார்கள். பிச்சைமுத்துதான் பேர் சொல்வார். ஆண்பிள்ளைகளுக்குக் கூறு உண்டு, கல்யாணமாகாத பெண்பிள்ளைகளுக்கும் உண்டு. ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி ஏறியதும் அவள் பேர் நின்றுவிடும். அவளுக்கு இனிமேல் புருஷன் வீட்டுச் சாமி, புருஷன் வீட்டுப் படையல்.

செல்லாயி, "ஒங்க பங்காளிங்க பேரெல்லாம் சொல்லுங்க," என்றாள். அவள் பிறந்த லயத்திலும் குடும்பத்தை எண்ணுவது அப்படித்தான். பிச்சைமுத்து கண்ணை மூடிக்கொண்டு, படையலில் சொல்கிற அதே வரிசையில், அதே இழுவையில் சொல்லிக்கொண்டு போனார். அவள் சர்ஜன் காட்டிக்கொடுத்தபடி ஆணுக்குக் கட்டமும் பெண்ணுக்கு வட்டமும் போட்டு, கோடு இழுத்து எழுதினாள். இருபத்து மூன்று பெயர்கள்.

நடுவில் ஒரு பெண் கோப்பி கொண்டுவந்து வைத்தாள். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். அழுது வீங்கிய முகம். ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை கஞ்சி எடுத்து வந்தவள்தான், உடையப்பனின் தங்கை வீரம்மா. கோப்பியை வைத்துவிட்டுப் போகாமல் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது எனக்கும் வருமா மிஸி?"

செல்லாயி தலை நிமிர்வதற்குள் பிச்சைமுத்து முந்திக்கொண்டார். "ஒன்னயதான் பாரிட் புந்தாருக்குக் குடுத்தாச்சே. ஒஞ் சாமி வேற, ஒன் வீடு வேற. போ, போயி எல போடு."

வீரம்மா போனாள். செல்லாயி கோப்பியை ஒரு மிடறு குடித்து, நன்றாக இருக்கிறது என்று அவள் முதுகைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அடுத்த பெயரை எழுதினாள்.

காகிதத்தைப் பார்த்த சர்ஜன், வட்டங்கள் குறைவாக இருக்கின்றனவே, இந்தக் குடும்பத்தில் பெண்களே பிறப்பதில்லையா என்று கேட்டார். இவ்வளவுதான் டாக்டர் என்றாள். அவள் அறிந்து சொன்ன பொய் இல்லை அது. அவளுக்கு உண்மையாகவே அவ்வளவுதான்.

அந்த இருபத்து மூன்று பேரை வார்டுக்கு வரவைக்கப் பார்த்ததில் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் ஹொண்டாவில் தோட்டத்துக்குப் போவாள். "ஒனக்கு வார்டுலயும் பீ, லீவுலயும் பீ," என்பான் சீனி. ஆனால் வண்டியை அவன்தான் ஓட்டுவான். ஒன்றும் இல்லாதவன் வயிற்றை அறுக்கச் சொல்கிற டாக்டரைத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கட்டிவைக்க வேண்டும் என்று பிச்சைமுத்து லயத்துக்கே கேட்கும்படி சொன்னார். பயத்தைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. மண்ணைத் தோண்டி, மரத்தில் ஏறி, பாம்பைக் கையால் பிடிக்கிற ஆண்கள், வேட்டியை அவிழ்த்துக் குப்புறப் படுக்க வேண்டும் என்றதும் எழுந்து போனார்கள். செல்லாயி ஒவ்வொருவரிடமும் ஒன்றைத்தான் சொன்னாள். "நான் தலமாட்டுலதான் நிப்பேன். ஒங்க மூஞ்சிய மட்டும்தான் பாப்பேன்."

சொன்னபடி நின்றாள். மூன்று வருஷத்தில் பதினான்கு பேர் வந்தார்கள். ஐந்து பேருக்கு இருந்தது. நான்கு பேர் அறுவைக்குச் சம்மதித்தார்கள். சம்மதிக்காத ஒருவரை 1979இல் அவளே கடைசிக் கட்டிலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

அந்த நால்வரில் இளையவன் ஜெயபாலன், உடையப்பனின் மகன். பத்தொன்பது வயதில் அவனுடைய பெருங்குடலை மொத்தமாக எடுத்து, சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலப்பக்கத்தில் வெளியே கொண்டுவந்து விட்டார்கள். இனி ஆயுசுக்கும் அங்கே ஒரு பை. அப்போது முறையான பைகள் ஆஸ்பத்திரிக்கு எப்போதாவது ஒரு பெட்டி வரும். செல்லாயி கெட்டிப் பிளாஸ்டிக் பைகளை வெட்டி, தடித்த துணியில் இடுப்புப்பட்டை தைத்து, தோல் புண்ணாகாமல் கட்டுவதற்கு அவனுக்குக் கற்றுக்கொடுத்தாள். பதினோரு நாள் அவன் அவளோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் வாயைத் திறந்தான்.

"கடவுள் பின்னால வச்சத நீங்க முன்னால வச்சிட்டீங்க லா அக்கா."

அன்றைக்குத்தான் அவன் பிழைத்துவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது.

பெயர்க் காகிதத்தை ஒரு பழைய எக்ஸ்ரே உறையில் போட்டு அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தாள். யாராவது செத்தால் கட்டத்தின் மேல் குறுக்குக் கோடு, அறுவையானால் பக்கத்தில் தேதி. தன் வாழ்நாளில் உருப்படியாகச் செய்த ஒரு காரியம் என்று அதைத்தான் மனதுக்குள் வைத்திருந்தாள். சொல்லிக்கொண்டதில்லை.

ஒன்பது வருஷம் கழிந்தது. அவளைப் பெண்கள் வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். 1983, தீபாவளி முடிந்த வாரம். பாரிட் புந்தாரிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பியிருந்தார்கள். கண் மஞ்சள், வயிறு பானை, கை கால் குச்சி. இரண்டு வருஷமாக மூலத்துக்கு மருந்து சாப்பிட்டிருக்கிறாள். புருஷன் ஐயாவு, நெல் மில்லில் மூட்டை தூக்குகிறவர், அடையாள அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார். செல்லாயி பெயரைப் பதிவதற்காக வாங்கினாள்.

வீரம்மா, தகப்பன் பெயர் பத்துமலை. பிறந்தது 1942.

ஒரு பெண் எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டாலும், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், அரசாங்கம் கொடுத்த அட்டையில் அப்பன் பெயர் மாறுவதில்லை. செல்லாயி பதிவை எழுதி முடித்தாள். எழுத்து கோணவில்லை. பிறகு கழுவும் அறைக்குப் போய், ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்த மலத்தட்டு ஒன்றை எடுத்து மறுபடி கழுவினாள். மறுபடியும் கழுவினாள்.

வீட்டில் அலமாரியைத் திறந்து உறையை எடுத்தாள். இருபத்து மூன்று பெயர்கள். பத்துமலைக்குக் கீழே இரண்டு கட்டங்கள். மூன்றாவதாக ஒரு வட்டம் இருக்க வேண்டிய இடத்தில் காகிதம் வெள்ளையாக இருந்தது. அன்றைக்கு வீரம்மாவுக்கு முப்பத்திரண்டு வயது. அன்றைக்குக் குழாய் விட்டுப் பார்த்திருந்தால், பெரும்பாலும், புள்ளிகள் புள்ளிகளாகவே இருந்திருக்கும்.

"கெழவன் சொன்னதத்தானே எழுதின. ஒம் மேல என்ன தப்பு?" என்றான் சீனி.

"கெழவரு படிக்காதவரு. ரத்தம் எப்படி எறங்கும்னு எனக்குச் சொல்லிக்குடுத்திருந்தாங்க."

சீனியின் வாய் சும்மா இருந்த நாட்களில் அது ஒன்று.

மறுநாள் சர்ஜன் பார்த்தார். ஈரல் முழுக்கப் பரவியிருந்தது. கடைசிக் கட்டிலுக்கு உத்தரவு வந்தது. செல்லாயி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எதுக்கு மாத்துறோம்னு ஒனக்குத் தெரியும்," என்றாள். வீரம்மா தலையாட்டினாள். "இன்னொண்ணும் இருக்கு. ஒங்கண்ணன் கருமாதியில நான் பேரு எழுதினேன். ஒம் பேரயும் எழுதியிருக்கணும். எழுதல. எழுதியிருந்தா நீ இங்க இப்படிப் படுத்திருக்க மாட்ட."

வீரம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் கேட்டேன்ல மிஸி?"

"கேட்ட."

"கோப்பி நல்லாருக்குன்னு சொன்னீங்க."

"ஆமா."

பிறகு இரண்டு நாள் வீரம்மா அவளோடு பேசவில்லை. செல்லாயி வழக்கம்போல வந்தாள். உடம்பைத் துடைத்துவிட்டாள், வாயை ஈரப்படுத்தினாள், வீங்கிய காலுக்குக் கீழே தலையணை வைத்தாள், அசிங்கமான துணியை மற்றவர்கள் கண்ணில் படாமல் சுருட்டி எடுத்தாள். மன்னிப்பு என்ற சொல்லை அவள் எடுக்கவில்லை. சாகிறவளிடம் போய் அதைக் கேட்பது அவளுக்கு இன்னொரு வேலை கொடுப்பது மாதிரி என்று நினைத்தாள்.

வீரம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் அஞ்சலை, பத்தொன்பது வயது. அவளுக்குக் கீழே பதினான்கு வயதில் ஒரு பையன். அஞ்சலை தினமும் முதல் பஸ்ஸில் வந்து, அம்மாவின் தலையைச் சீவிப் பின்னிவிட்டு, கடைசி பஸ்ஸில் போவாள். அவளுக்கு நிபோங் தெபாலில் மாப்பிள்ளை பார்த்துப் பரிசம் போட்டிருந்தது. பள்ளிக்கூட வாத்தியார். தை மாதம் கல்யாணம். அந்தப் பெண்ணிடம் உடனே சொல்லிவிடு என்றார் சர்ஜன். செல்லாயி நான்கு நாள் தவணை கேட்டாள். தாயை மீறிச் சொன்னால் பெண் பயந்து ஓடிவிடுவாள், ஓடிப்போனவர்களைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்பது அவளுக்கு, அறுவைக்குச் சம்மதிக்காத அந்த ஐந்தாவது ஆள் கற்றுக்கொடுத்த பாடம்.

மூன்றாம் நாள் வீரம்மா தானாகப் பேசினாள். யோசித்து வைத்திருந்ததைப் பேசினாள்.

"எம் பேர விட்டீங்க. எம் மவ பேரயும் விட்டுடுங்க மிஸி. தை மாசம் வரைக்கும் போதும். இந்த வெசயம் தெரிஞ்சா வாத்தியாரு வீடு வாசப்படி மிதிக்காது. தாலி ஏறிட்டா அவ வேற வீட்டுக்காரி லா."

"நீயும் வேற வீட்டுக்காரிதான் வீரம்மா," என்றாள் செல்லாயி.

வீரம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய இமைக்குள்ளே கண் அசைந்துகொண்டே இருந்தது. கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "சொல்லி என்ன செய்வீங்க? அறுப்பீங்க. எங்கண்ணன் மவன அறுத்து, பாதி ஆளா, பொணம் மாதிரி போட்டுட்டீங்கன்னு பிச்சைமுத்து சித்தப்பா சொன்னாரு. எம் பொண்ண அப்படிப் பாக்க எனக்கு வேணாம். நான் பாக்கப் போறதும் இல்ல."

செல்லாயி அன்று மத்தியானம் வேலை முடிந்து வீட்டுக்குப் போகவில்லை. புந்தோங் போகிற பஸ் நிற்குமிடத்தில் மூன்று பஸ்களை விட்டுவிட்டு நான்காவதில் ஏறினாள். ஜெயபாலன் அதில்தான் கண்டக்டர். இருபத்தாறு வயது, காக்கிச் சட்டையை எப்போதும் ஒரு சுற்றுப் பெரிதாகத் தைத்துப் போடுவான். டிக்கெட் கிழித்துக்கொண்டே, அவள் சொன்னதையெல்லாம் கேட்டான்.

"பொணம் மாதிரியா? சின்னத் தாத்தா எனக்குப் பாட கட்டி எத்தன வருஷமாச்சு," என்றான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "அத்தைக்கிட்ட என்ன பேசச் சொல்றீங்க?"

"ஒண்ணும் பேச வேணாம். வந்து ஒக்காரு. போதும்."

வந்தான். மறுநாள், யூனிஃபார்மோடு, வாழையிலையில் கட்டிய நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் ஒன்றோடு. அத்தையின் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தான். வீரம்மாவுக்குத் தொண்டையில் தண்ணீர் இறங்கி இரண்டு நாளாகியிருந்தது. அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். சம்பலை வழித்து, நெத்திலியைப் பொறுக்கி, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான்.

"என்ன அத்த, பாதி ஆளா கெடக்கிறேன்னு சொன்னாங்களாமே. பாதி இவ்ளோ தின்னா முழுசு எவ்ளோ திங்கும்?"

வீரம்மாவின் உதடு ஒரு பக்கம் கோணியது. அது சிரிப்பா என்று செல்லாயிக்குச் சொல்லத் தெரியவில்லை.

"காட்டு," என்றாள் வீரம்மா.

ஜெயபாலனின் கை இலையின் மேல் நின்றது. ஏழு வருஷமாக ஆஸ்பத்திரிக்காரர்களைத் தவிர அதை அவன் யாருக்கும் காட்டியதில்லை; காட்ட வேண்டியிருக்கும் என்பதாலேயே கல்யாணப் பேச்சை இரண்டு முறை தட்டிவிட்டவன். செல்லாயியைப் பார்த்தான். அவள் தட்டித்திரையை இழுத்து மூடிவிட்டு, அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெளிப்பக்கம் திரும்பி நின்றாள். சட்டைப் பொத்தான்கள் அவிழ்வது கேட்டது.

"வலிக்குதா?"

"வலிக்கல அத்த. வெக்கமா இருக்கும். வெக்கத்த வச்சிக்கிட்டே ஏழு வருஷமா பஸ்ஸுல நின்னுட்டேன் லா."

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

அடுத்த நாள் காலை அஞ்சலை வந்து சீப்பை எடுத்ததும், வீரம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தாள். மூச்சு விட்டு விட்டுத்தான் சொன்னாள். தாத்தாவுக்கு வந்தது, மாமன்களுக்கு வந்தது, தனக்கு வந்தது, உனக்கும் தம்பிக்கும் வரலாம், வராமலும் போகலாம், போய்ப் பார்த்துக்கொள். வாத்தியார் வீடு என்ன சொன்னாலும் பார்த்துக்கொள். அஞ்சலை அழவில்லை. சீப்பின் பற்களைக் கட்டைவிரலால் வருடிக்கொண்டே இருந்தாள். வீரம்மா செல்லாயியைப் பார்த்து, என் கண் முன்னாலேயே எங்கள் பேரை எழுதுங்கள் என்றாள். செல்லாயி உறையிலிருந்து காகிதத்தை எடுத்து, கட்டிலின் மேலேயே விரித்து, பத்துமலைக்குக் கீழே மூன்றாவதாக ஒரு வட்டம் போட்டு எழுதினாள். அதற்குக் கீழே ஒரு வட்டம், ஒரு கட்டம்.

எது என் பெயர் என்று கேட்டாள் வீரம்மா. அவளுக்கு எழுத்து தெரியாது. செல்லாயி காட்டினாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சின்னதாக இருக்கிறதே என்றாள்.

நான்கு நாளில் செத்துப்போனாள்.

கருமாதி முடிந்த மறுவாரம் ஐயாவு இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். பையனை முதலில் பார்த்தார்கள். அவனிடம் இப்போதைக்கு ஒன்றும் இல்லை. வருஷா வருஷம் பார்க்க வேண்டும் என்றார் சர்ஜன். அடுத்து அஞ்சலை. செல்லாயி அவளிடமும் அதையேதான் சொன்னாள்: நான் தலைமாட்டில்தான் நிற்பேன். பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டது, நகம் பதிய. சர்ஜன் குழாய்க்குள் பார்த்தார். வழக்கமாக அவர் பார்த்துக்கொண்டே ஏதாவது முனகுவார். இப்போது முனகவில்லை. செல்லாயிக்குத் தெரிந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்து அஞ்சலைக்கும் தெரிந்துவிட்டது.

"இருக்கா மிஸி?"

"இருக்கு. இன்னும் மாறல. காலத்தோட வந்துட்ட."

தை மாதத்தில் கல்யாணத்துக்குக் குறித்த வாரத்தில் அறுவை நடந்தது. பெருங்குடலை எடுத்துவிட்டுச் சிறுகுடலை மலக்குடலோடு சேர்த்துத் தைத்தார்கள். பை இல்லை, ஆனால் உயிரோடு இருக்கும்வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து படுக்க வேண்டும், மிச்சம் விட்ட இடத்தில் முளைக்கிறதா என்று பார்க்க. வாத்தியார் வீட்டிலிருந்து பரிசப் புடவையைத் திருப்பிக் கேட்டு ஆள் வந்தது. ஐயாவு புடவையை மடித்துக் கொடுத்துவிட்டு, வந்தவருக்குச் சாப்பாடும் போட்டு அனுப்பினாராம்.

"எனக்கும் அந்தப் பொடவ புடிக்கல மிஸி. கத்திரிக்கா கலரு," என்றாள் அஞ்சலை. சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். செல்லாயி போர்வையை இழுத்துவிட்டு, அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நன்றாகிவிடும் என்று அவள் சொல்லவில்லை.

ஏப்ரலில் தையல் நன்றாக ஆறிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, செல்லாயி ஒன்பதாங்கட்டைத் தோட்டத்துக்குப் புறப்பட்டாள். நானும் வருகிறேன் என்று அஞ்சலை பஸ் நிலையத்துக்கே வந்து நின்றாள். பால்மரங்களைச் சாய்த்து, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டிருந்தார்கள். லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. பிச்சைமுத்துவுக்குக் கண் மங்கிவிட்டது. குரலை வைத்து அடையாளம் கண்டு, "அறுக்கிற மிஸியா? இன்னும் யாரு மிச்சம்?" என்றார். கூட வந்திருப்பது யார் என்று கேட்டார்.

"வீரம்மா மவ," என்றாள் அஞ்சலை.

கிழவர் கையால் துழாவி, பக்கத்திலிருந்த பலகையை அவள் பக்கமாகத் தள்ளினார். அஞ்சலை உட்கார்ந்தாள்.

செல்லாயி காகிதத்தை விரித்தாள். இந்த முறை பங்காளிகளைக் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் பிறந்து வெளியே கட்டிக்கொடுத்த பெண்களைச் சொல்லுங்கள் என்றாள். உங்கள் அக்கா தங்கைகள், உங்கள் அண்ணன் பெண்கள், செத்தவர்கள் உட்பட.

பிச்சைமுத்து வழக்கம்போலக் கண்ணை மூடினார். படையல் வரிசை வாயில் வரவில்லை. உதடு அசைந்து அசைந்து நின்றது. கடைசியில், ஒவ்வொன்றாக, எங்கிருந்தோ தோண்டி எடுக்கிற மாதிரி சொன்னார். பாரிட் புந்தாரில் ஒன்று கொடுத்தோம், அது போய்விட்டது. பெரியண்ணன் பெண் ஒன்று கம்பாரில், அதுவும் பிள்ளை பெற்ற கையோடு ரத்தப்போக்கில் போய்விட்டது என்றார்கள். எங்கள் அக்கா ஒருத்தி, தெலுக் ஆன்சனில்.

"அவங்க இருக்காங்களா?"

"பத்து வருஷமா சேதி இல்ல. அவளுக்கு நாலோ அஞ்சோ பிள்ளைங்க."

"பேரு என்ன?"

கிழவர் நெற்றியைத் தேய்த்தார். வாசலில் செம்பனை ஓலைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. அஞ்சலை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கான்னுதான் கூப்புடுவேன்," என்றார் பிச்சைமுத்து. "தெலுக் ஆன்சன்ல குடுத்தது. அப்படித்தான் சொல்லுவோம்."

செல்லாயி ஒரு வட்டம் போட்டாள். பெயருக்கு இடம் விட்டு, ஊரை எழுதினாள்.